இடது எஞ்சினின் சந்தேகம்

ஒரு விமானத்தின் இடது எஞ்சினுக்கு வலது எஞ்சின் மேல் எப்போதும் ஒரு கண். தான் மாடாய் உழைக்க, அது ஓசியில் கூடவே வருகிறது என்று நினைப்பு.

ஒருநாள் தரையை விட்டுக் கிளம்பிய மறுநொடி, வலதிலிருந்து டமாரென்று ஒரு சத்தம். அப்புறம் மூச்சே இல்லை.

"பார்த்தியா நடிப்பை!" என்றது இடது. உள்ளே நூற்றெழுபது பேர் இருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தனியாகவே தள்ளியது. தள்ளத் தள்ள, விமானத்தின் மூக்கு வலப்பக்கம் திரும்பியது.

"வேலையும் செய்யாம, விமானத்தை வேற தன் பக்கம் இழுக்கிறான்!"

வாலிலிருந்த சுக்கான் முழு பலத்தோடு இடப்பக்கம் சாய்ந்து மூக்கை நேராக்கியது. "அவன் இழுக்கலப்பா. நீ ஒருத்தனா தள்ளுறதாலதான் திரும்புது. நான் பிடிச்சுக்கறேன், நீ தள்ளு" என்றது மூச்சிரைக்க.

இடது நம்பவில்லை. ஆனாலும் தள்ளியது. விமானம் ஒரு சுற்றுச் சுற்றிப் பத்திரமாக இறங்கியது.

மெக்கானிக் வந்து வலதின் வாய்க்குள் கையை விட்டார். நொறுங்கிய தகடுகளோடு ஒரு பருந்தின் சிறகும் வந்தது. அதைத் தரையில் வைத்தார்.

இடது நெடுநேரம் அந்தச் சிறகையே பார்த்தது. பிறகு சுக்கானிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டது:

"அந்தப் பருந்துக்கும் இவனுக்கும் முன்னாடியே பழக்கம் இருக்குமோ?"