முட்டித்தலையின் சோதனை

ஒரு கொட்டகையில் பழைய அமெரிக்க மோட்டார் சைக்கிள்கள் வாழ்ந்தன. என்ஜினின் மேல்மூடி மடக்கிய விரல்முட்டிகளைப்போல் இருந்தால் அது முட்டித்தலை; கவிழ்த்த சட்டியைப்போல் இருந்தால் சட்டித்தலை. மூத்த வகையான முட்டித்தலைக்கே கொட்டகையின் நடுவிடம் உரியது. அங்கே நெடுங்காலமாக ஒரு கறுப்பு வண்டி நின்றது.

ஒருநாள் சிவப்பு வண்டி ஒன்று வந்து, தானும் முட்டித்தலை என்றது. கறுப்பு வண்டிக்கு ஒரே கவலை: நடுவிடம் பறிபோய்விடுமோ?

"மூடியை மட்டும் மாற்றிக்கொண்டு வருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், தம்பி. ஸ்பேனரே, இவனுடைய என்ஜின் அடிப்பாகத்தைச் சோதித்துப் பார்."

சுவரில் தொங்கிய ஸ்பேனர் இறங்கிவந்து சோதித்தது. "தலையும் அடியும் ஒரே பிறப்புத்தான், ஐயா."

"அவ்வளவு எளிதில் நம்பிவிடுவதா? அசலோடு ஒப்பிட்டுப் பார்த்தாயா? இதோ, என் அடிப்பாகத்தைப் பார்."

ஸ்பேனர் குனிந்து பார்த்தது, நெடுநேரம் நிமிரவில்லை.

"என்னப்பா, வேறுபாடு தெரிகிறதா?"

"தெரிகிறது, ஐயா," என்று தயங்கியது ஸ்பேனர். "தங்கள் தலை முட்டிதான். அடிப்பாகம் சட்டித்தலையினுடையது. எப்போதோ பழுது பார்த்தபோது மாற்றியிருக்கிறார்கள்."

சிவப்பு வண்டி மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டது. கறுப்பு வண்டி ஸ்பேனரை மேலும் கீழுமாக நோக்கியது.

"உன் மீது அரை அங்குலம் என்று பொறித்திருக்கிறதே," என்றது. "அதை யார் அளந்து பார்த்தார்கள்?"