ஸ்க்ரூ மேல் ஒரு சிவப்புப் பொட்டு

பெட்ஷீட்டில் சுற்றிய பிணத்தை மேனேஜர் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்து கடை மேஜையில் கிடத்தினார். ஒரே மாதத்தில் அது செத்துப்போவது இது நாலாவது தடவை.

"யோவ், மறுபடியும் மூச்சு நின்னுபோச்சுய்யா!"

பெட்ஷீட்டை விலக்கினால் உள்ளே மைக்கோடு ஒரு ஆம்ப்ளிஃபையர். இதே கடையில் வாங்கியது. மூன்று முறை ரிப்பேருக்கு வந்து, மூன்று முறையும் "பக்காவா இருக்கு சார்" என்று கடைக்காரர் வாயால் சான்றிதழ் வாங்கிப் போனது. வீட்டில் ஒருநாள் பாடும், மறுநாள் ஊமை.

பின்னாலேயே வந்த மனைவி ஒரு கை பிடிக்கவில்லை. பத்து விரல்களையும் விரித்து ஊதிக்கொண்டிருந்தார். "நகம் இன்னும் காயலங்க."

"சனிக்கிழமை எங்க ஆபீஸ் ஆண்டுவிழா. பாட்டுப்போட்டில நான் பாடணும். தினம் ரெண்டு மணி நேரம் பிராக்டிஸ் பண்றவன்யா நான். இப்ப வெறும் தொண்டையோட உக்காந்திருக்கேன்!"

போன வருடம் முதல் பரிசு அவருக்குத்தான். நடுவராக உட்கார்ந்தவர் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர் என்பது வெறும் தற்செயல்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "வீட்ல யாராச்சும் கழட்டிப் பாத்தீங்களா சார்?"

இந்தக் கேள்விக்காகத்தான் மேனேஜர் காத்திருந்தார். ஆம்ப்ளிஃபையரை அப்படியே குப்புறப் புரட்டினார். கடைக்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. ரிப்பேர் முடிந்ததும் மூடியை முடுக்கி, ஸ்க்ரூ தலையில் ஒரு சொட்டு சிவப்பு நெயில் பாலிஷ் வைத்துவிடுவார். வேறு யாராவது கழற்றினால் பொட்டு உடையும். உடைந்தால் கேரண்டி அம்பேல்.

"பாருய்யா, நீ வச்ச பொட்டு! ஒரு கீறல் இருக்கா? இப்பத்தான் வச்ச மாதிரி மினுமினுன்னு மின்னுது. இதைத் தொட்டவன் நீ ஒருத்தன்தான். அப்ப தப்பு யார் மேல?"

"திட்டாதீங்க, பாவம்," என்றார் மனைவி.

"பாவமா? ஆபீஸ் குரூப்ல முந்நூறு பேர் இருக்கான். கடை போர்டை போட்டோ புடிச்சுப் போட்டுடுவேன்."

கடைக்காரருக்கு வேர்த்தது. தெருமுனையில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய ஷோரூம் வந்த நாளிலிருந்து, அவருக்குச் சோறு போடுவது நல்ல பேர் ஒன்றுதான். பூதக்கண்ணாடியை எடுத்துப் பொட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மூடியைக் கழற்றி உள்ளேயும் பார்த்தார்.

"ஒருவேளை மைக்ல கோளாறோ என்னவோ. கடை ஆம்ப்ளிஃபையர்ல மாட்டித் தர்றேன். நாலு வரி பாடுங்க சார்."

மேனேஜரைப் பாடச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. தொண்டையைச் செருமினார். கண்ணை மூடினார். பாடினார்.

முதல் வரியில், எதிர் மர நிழலில் படுத்திருந்த நாய் எழுந்து வெயிலுக்குப் போனது. இரண்டாவது வரியில், பக்கத்து செல்போன் கடைக்காரர் ஓடிவந்து, "யாருக்கு என்னாச்சு?" என்றார். நாலு வரி பன்னிரண்டு வரியானது. மனைவி, பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்தவரைப் போல, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மைக் பிரமாதம் சார்," என்றார் கடைக்காரர், காதைத் தேய்த்துக்கொண்டே. பாராட்டு மைக்குக்கு மட்டும்தான். மேனேஜர் முழுசாக எடுத்துக்கொண்டார்.

"அப்ப ஆம்ப்ளிஃபையர்தானே கோளாறு?"

கடைக்காரர், மேனேஜரின் மனைவியை ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஆமா சார். தப்பு என்மேலதான். உள்ள மெயின் போர்டே போயிடுச்சு. வெளியில இருந்து வரவழைக்கணும். ஒரு மாசம் ஆகும்."

"ஒரு மாசமா? சனிக்கிழமைக்கு நான் என்னய்யா பண்றது? இரு, கடை போர்டை போட்டோ எடுக்கறேன்!" மேனேஜர் விருட்டென்று வாசலில் இறங்கினார்.

"குரூப்ல போட விடமாட்டேன் தம்பி, நான் பாத்துக்கறேன்," என்று சமாதானம் சொல்லிவிட்டு மனைவியும் கிளம்பினார்.

"ஒரு நிமிஷம்."

கடைக்காரர் டிராயரைத் திறந்து, சின்ன சிவப்பு பாட்டில் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"அடுத்த தடவை இதை வைங்கக்கா. என் பொட்டுல ஜிகினா கிடையாது."