மூணாவது வரி

மைக்கைப் பிடிச்சுக்கிட்டு ஜூட் மரம் மாதிரி நின்னான். வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரலை.

"டேய், நெட்வொர்க் போச்சாடா?" கூட்டத்துல எவனோ கத்தினான்.

தில்லைநகர் காபிக்கடை மொட்டைமாடி பூரா சிரிப்பு.

எதிர்ல நின்ன பூவரசனுக்கு மட்டும் சிரிப்பு வரலை.

ராப் சண்டைங்கறது இதுதான். ரெண்டு பேர் நேருக்கு நேரா நின்னு, மாத்தி மாத்தி பாட்டுலயே நாறடிச்சுக்கணும். மூஞ்சியைச் சொல்லலாம், குடும்பத்தை இழுக்கலாம். கையை மட்டும் நீட்டக் கூடாது. ஜெயிச்சவனுக்குச் சென்னை மேடையில ஒரு சான்ஸ்.

போன மாசம் வரைக்கும் ஜூடும் பூவரசனும் ஜோடி. இண்டிபெண்டென்ட் ஆர்ட்டிஸ்ட்னா வேற ஒண்ணுமில்லை, சம்பளத்தை யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியாதவன். பிரியாணிக்கடைக்கு விளம்பரப் பாட்டு போட்டா சம்பளம் பிரியாணி. சலூனுக்குப் போட்டா கட்டிங். சென்னை சான்ஸ் ஒருத்தனுக்குத்தான்னு சொன்னதும் ஜோடி ரெண்டாச்சு.

ஜூடோட அப்பா கெடு வெச்சுட்டாரு. "இதுல தோத்தா நாளைக்கே துவாக்குடி வெல்டிங் பட்டறை. அப்புறம் பாட்டுகீட்டுன்னு வாயைத் தொறக்கக் கூடாது."

பூவரசனுக்கு அப்பா இல்லை, கெடுவும் இல்லை. பொய் இருந்துச்சு.

இன்ஜினியரிங்கைப் பாதியில விட்டவன், அதை அம்மா வீரம்மாள்கிட்ட இன்னும் சொல்லலை. ஸ்ரீரங்கம் தெற்கு வாசல்ல வளையல் கடையில நாள் பூரா நின்னே வேலை பாக்குற பொம்பளை. விடிஞ்சா டிபன் கட்டிக் கொடுப்பா. பையை மாட்டிக்கிட்டு இவனும் காலேஜுக்குப் போற மாதிரி துவாக்குடி பஸ் ஏறுவான். இறங்கி நேரா ஜூட் ரூமுக்குப் போவான். டிபனைப் பாதிப் பாதி தின்னுட்டுப் படுப்பானுங்க.

இது ஜூடுக்கு மட்டும்தான் தெரியும்.

அதனாலயே டாஸ்ல ஜெயிச்ச பூவரசன் முந்திக்கிட்டான். அவன் நம்மளைப் போட்டுக் கொடுக்கறதுக்குள்ள நாம அவனைச் சாய்ச்சுடணும். ஜூடோட அம்மா, அவன் சின்னப் பையனா இருக்கறப்பவே இன்னொருத்தரோட போயிட்டாங்க. ஒருநாள் ஜூடே இவன்கிட்ட அழுதுகிட்டே சொன்னது. அதை அப்படியே எடுத்து, எதுகை மோனையோட, ஏத்த இறக்கத்தோட பாடிட்டான்.

"ஓஓஓ!"ன்னு கூட்டம் குதிச்சுது.

ஜூட் தொப்பியை மட்டும் சரி பண்ணிக்கிட்டான். அப்புறம் மைக்கை வாங்கி ஆரம்பிச்சான்.

"பையை மாட்டிப் பஸ்ஸு ஏறுவான் துவாக்குடி பக்கம்,
பையன் படிச்சு வருவான்னு அம்மாவுக்கு ஏக்கம்..."

செத்தோம்னு நினைச்சான் பூவரசன். பக்கம், ஏக்கம்னா மூணாவது வரி தூக்கத்துலதான் முடியும். 'என் ரூமுல பாயைப் போட்டுத் தூக்கம்'னு பாடிடுவான். எல்லார் கையிலயும் போன். ராத்திரிக்குள்ள ஸ்ரீரங்கம் பூரா பரவிடும்.

அந்த இடத்துலதான் ஜூட் நின்னுட்டான். கண்ணு பூவரசனைத் தாண்டி எங்கயோ போச்சு. அவ்வளவுதான்.

"பத்து வரைக்கும் எண்ணுறேன் ஜூட்"ன்னா போட்டி நடத்துற பெலிண்டா. எண்ணி முடிச்சா. "வின்னர், பூவரசன்!"

"எழுதாம வந்தியாடா? பரீட்சைக்குக்கூட இப்படிப் போக மாட்டானுங்க"ன்னு கூட்டம் ஜூடை ஓட்டுச்சு. முழம் முழமா பேசுறவன் ரெண்டு வரியில கவுந்துட்டான்னா சும்மா விடுவானுங்களா?

தோத்தவன் ஜெயிச்சவனைக் கட்டிப் பிடிக்கணும். அது வழக்கம். ஜூட் வந்து கட்டிப் பிடிச்சான்.

"என்னடா மச்சான், மறந்துட்டியா?" உசுரு வந்த தெம்புல பூவரசனுக்கு நக்கல் கூடிப் போச்சு. "வெண்டைக்கா வாங்கித் தின்னுடா."

"ஆமாடா, மறந்துட்டேன். நாளைக்குக் காலையில பட்டறை. ரூமைக் காலி பண்ணப் போறேன். பகல்ல படுக்க வேற எடம் பாத்துக்க."

தொப்பியைக் கழட்டிச் சுருட்டிப் பாக்கெட்ல சொருகிக்கிட்டு, திரும்பிப் பாக்காம படியிறங்கிப் போயிட்டான்.

அவன் போன பக்கம் திரும்பின பூவரசனுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

தண்ணித் தொட்டி ஓரமா வீரம்மாள். கடையில கட்டுற யூனிபார்ம் புடவையோட, மூச்சு வாங்க, வாயெல்லாம் பல்லா நின்னுட்டிருந்தா.

"அம்மா! நீ எப்ப வந்தே?"

"கொஞ்ச நேரமாச்சுடா. எங்க கடை சுபஸ்ரீ போன்ல உன் படம் போட்ட போஸ்டரைக் காட்டுச்சு. காலேஜ் பேச்சுப் போட்டின்னு நீ என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? மொதலாளிகிட்ட கெஞ்சிட்டு ஓடியாறேன். நீ பேசினதைக் கேக்கக் குடுத்து வெக்கலை. நம்ம ஜூட் தம்பி பேசினதைத்தான் கேட்டேன்."

பூவரசன் சட்டுன்னு அவ பக்கத்துல போய் நின்னான்.

"நம்ம வீட்ல வந்து ரெண்டு வாய் சாப்பிட்ட புள்ளை, அந்த நன்றியை மறக்கலை பாரு. நீ பையை மாட்டிப் பஸ் ஏறுறது, எனக்கு இருக்கற ஏக்கம்... உள்ளுக்குள்ள பூந்து பாத்த மாதிரி சொல்லுச்சே! எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. நான்தான்ப்பான்னு கையைக் காட்டினேன். என்னைப் பாத்ததும் நிறுத்திருச்சு. கூச்சம் போல."

முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு, அவன் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"அடுத்து என்னமோ நல்லதா சொல்ல வந்துச்சு. உனக்குத் தெரிஞ்சிருக்கும்ல... நீயாவது சொல்லேன்டா."