நகம் வெட்டும் நாள்

“காலை நீட்டுங்க தாத்தா” என்றார் புது சிஸ்டர்.

டிரைவர் நீட்டவில்லை. போர்வையை இழுத்துக் காலைச் சுற்றி இறுக்கிக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் வாத்தியாரும் அதையே செய்தார். நான் என் பங்குக்குச் சம்மணம் போட்டு விரல்களை மறைத்துக்கொண்டேன். இந்த வயதில் சம்மணம் போடுவது லேசுப்பட்ட காரியமில்லை.

எங்கள் முதியோர் இல்லத்தில் சனிக்கிழமை காலை நகம் வெட்டும் நாள். வெந்நீர், துண்டு, நகவெட்டியோடு ஆண்கள் வார்டுக்கு வருவது சின்ன சிஸ்டரின் வேலை. இல்லத்தை நடத்தும் கன்னியர் மடத்திலேயே வயதில் மூத்தவர் அவர்தான். ஆள் குள்ளம் என்பதால் சின்ன சிஸ்டர்.

தரையில் உட்கார்ந்து எங்கள் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். பெற்ற பிள்ளைகளே எட்டிப் பார்க்காத கால்கள் அவை.

‘இந்தக் காலா ஊரெல்லாம் பஸ்ஸை விரட்டுச்சு?’ என்று டிரைவரைச் சீண்டுவார். யாரிடமும் சிரிக்காத டிரைவர் அவரிடம் மட்டும் சிரிப்பார்.

சின்ன சிஸ்டரை அடக்கம் செய்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அடக்கப் பூசையில் மடத்துத் தலைவியான மதர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினார். படுக்கையில் விழும்வரை பெரியவர்களுக்குத் தன் கையால் நகம் வெட்டியவர் என்றார். கோயிலே உச்சுக்கொட்டியது. நாங்களும் பலமாகத் தலையாட்டினோம்.

அது உண்மையில்லை என்று எங்கள் வார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

சின்ன சிஸ்டருக்குக் கண் மங்கிப்போய் வெகு காலம் ஆகியிருந்தது. கொக்கியில் தொங்கிய வாத்தியாரின் கோட்டைப் பார்த்து, ‘ஏன் நின்னுட்டே இருக்கீங்க, உக்காருங்க’ என்று அவர் சொன்ன அன்றே எங்களுக்குச் சந்தேகம். அடுத்த சனிக்கிழமை நகவெட்டி டிரைவரின் சுண்டுவிரல் சதையைக் கவ்விவிட்டது.

டிரைவர் சர்க்கரை நோயாளி. காலில் ஒரு கீறல் விழுந்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சுவிடவில்லை.

‘ஈரம் சரியா போகல’ என்று சொல்லி, சிஸ்டர் அந்த ரத்தத்தைத் துண்டால் ஒற்றி எடுத்தார்.

மதரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவரை ஓய்வு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். வேலையைப் பிடுங்கினால் அந்த உயிர் தங்காது. நிஜமாகச் சொல்லப்போனால், அவர் வராமல் எங்களுக்கும் தாங்காது.

நான் வாட்ச் ரிப்பேர் பார்த்தவன். கை இன்னும் நடுங்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் குளியலறையில் வைத்து எல்லோருக்கும் நானே அளவாக வெட்டிவிடுவேன். மறுநாள் சிஸ்டர் வந்து, தான் வெட்டுவதாக நினைத்துக்கொண்டு போவார். யாருக்கும் சேதமில்லை.

வந்த வினை என்னவென்றால், நேற்றும் வெள்ளிக்கிழமை. பழக்க தோஷத்தில் எல்லோரும் வரிசையாகக் காலை நீட்டினார்கள். நானும் வெட்டித் தொலைத்துவிட்டேன். அவர் இனி வர மாட்டார் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

புது சிஸ்டரோ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ரகம். யார் வெட்டியது என்று தோண்டினால் விஷயம் மதர்வரை போகும். இறந்தவரைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தையும் பொய்யாகிப்போகும். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

“வயசாயிட்டா நகம் அவ்வளவா வளராதும்மா. அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்று அளந்துவிட்டேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, போர்வையை விலக்கி, டிரைவரின் காலை மடியில் எடுத்து வைத்தார். விரல் விரலாகப் பார்த்தார்.

“நீங்கதான வாட்ச்காரர்?” என்றார் என்னிடம்.

நான் சம்மணத்தைக் கலைத்தேன். “சின்ன சிஸ்டர் மேல தப்பில்லம்மா. நாங்களாத்தான்...”

அவர் துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தார். கடைசி நாட்களில் சின்ன சிஸ்டரின் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டவர் இவர்தான் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

“மதர்கிட்ட நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல தாத்தா. ஆனா உங்ககிட்ட நடிக்க எனக்கு வராது” என்றார். “அன்னைக்கு இவர் விரலைக் கிழிச்சதுக்கு அப்புறம், அவங்க நகவெட்டியை யார் கால்லயும் வச்சதே இல்லையாம். சும்மா காத்துல அமுக்கி, சத்தம் மட்டும்தான் குடுத்தாங்களாம்.”

அவர் டிரைவரின் விரல்களைத் துண்டால் ஒற்றினார்.

“எனக்கு வேலையை ஒப்படைக்கும்போது சொன்னாங்க. ‘போய்ப் பாத்தா நகம் ஒண்ணும் இருக்காது. வாட்ச்காரர் முந்தின நாளே அழகா வெட்டி வச்சிருப்பார். வெள்ளிக்கிழமை ஆனா குளியலறையில அத்தனை பேரும் சிரிக்கிற சத்தம் கேக்கும். நீ எதையும் காட்டிக்காத, உக்காந்து வெட்டு’ன்னாங்க.”

நான் அழுதேன். வாத்தியார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிரைவர் இன்னொரு காலையும் போர்வைக்குள்ளிருந்து எடுத்து, புது சிஸ்டரின் மடியில் வைத்தார்.

“வெட்டுங்கம்மா” என்றார்.