சாக்ஸபோனின் மெருகு

மேசைமேல் விரித்த வெள்ளைத் துணியில் அந்தச் சாக்ஸபோன் கோயில் விளக்குபோல் ஒளிர்ந்தது.

மாமல்லபுரத்தில் இசைக்கருவிகளைப் பழுதுபார்க்கும் ஜெபா, உருப்பெருக்கிக் கண்ணாடியை அதன்மேல் மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தார்.

எதிரே இருவர் நின்றனர். ஒருவன், அதை விற்க எண்ணி இணையத்தில் படம் இட்ட சம்பத். மற்றவர், படத்தைக் கண்டு செங்கல்பட்டிலிருந்து தேடிவந்த பூபாலன்.

சம்பத்தின் தந்தை செங்கல்வராயன், பூபாலனின் தந்தை நடத்திய பேண்டுக் குழுவில் வாசித்தவர். குழுவின் சாக்ஸபோன் ஒன்று காணாமற்போன ஆண்டில்தான் அவரும் விலகினார். தம்முடையதைப் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் வாங்கியதாகவே இறக்கும்வரை சொன்னார்.

பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டுவதுபோல், குழுவின் ஒவ்வொரு கருவியிலும் கட்டைவிரல் தாங்கிக்குக் கீழே பூபாலனின் தந்தை தம் பெயரை வெட்டிவைப்பார்.

பெயர் இருந்தால், செங்கல்வராயன் திருடர். இல்லையேல் அந்தப் பேச்சு இன்றோடு ஒழியும்.

சம்பத்துக்கு விலை மறந்தே போயிருந்தது.

சுவரோரப் பெஞ்சில் வேண்டா என்னும் அவன் தாய் கண்மூடி அமர்ந்திருந்தாள். உதடுகளில் ஏதோ பதிகம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆண்டுதோறும் ஆயுத பூசைக்கு அக்கருவியைப் புளியிட்டுத் துலக்கிச் சந்தனமும் குங்குமமும் இடுபவள் அவள். கணவர் இருந்த நாளிலும் அந்தப் பணியை வேறு கைக்கு விட்டதில்லை.

ஜெபா நிமிர்ந்தார். பிரான்சில் செய்தது, நாடு விடுதலை அடையும் முன்னரே வந்திருக்கும் என்றார். பழைய பூச்சைப் புளி தின்றுவிட்டது, விலை குறையும், ஆயினும் அரிய பொருள்தான். வெட்டிய பெயர் எதுவும் தென்படவில்லை.

பூபாலன் வேண்டாவின் முன் போய்க் கைகூப்பினார்.

"எங்க நைனா சாவுற மட்டும் தப்பாவே நென்ச்சிகினு இருந்துட்டாரு, அக்கா. மன்ச்சிடு."

வேண்டா கண் திறவாமல் தலையை மட்டும் அசைத்தாள்.

பூபாலனின் கார் கிளம்பும் ஓசை கேட்டபின்தான் சம்பத்துக்கு மூச்சு சீரானது. தந்தையைப் பழியிலிருந்து மீட்டுவிட்டதாக அவன் நெஞ்சு நிமிர்ந்தது.

அப்போது ஜெபா அவனை அருகழைத்து, கண்ணாடியைக் கையில் தந்தார்.

கருவியைச் செய்தவர்களின் முத்திரை, நேற்று வெட்டியதுபோல் எழுத்துக் குலையாமல் இருந்தது. கட்டைவிரல் தாங்கிக்குக் கீழே மட்டும் பித்தளை மெலிந்து, சிறு குழியாய் இறங்கியிருந்தது.

ஜெபா குரலைத் தாழ்த்தினார்.

"புளி போட்டுத் தேச்சா எல்லா எடமும் ஒண்ணாத்தான் தேயும், தம்பி. இது உப்புத்தாளு வேல. ஒரே எடத்துல, வருசக்கணக்கா."

சம்பத் தாயைத் திரும்பிப் பார்த்தான்.

பதிகம் முடிந்திருந்தது. வேண்டா எழுந்துவந்து சாக்ஸபோனைத் துணியில் சுற்றி, குழந்தையைப்போல் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

துணிக்கு மேலாக அவளுடைய கட்டைவிரல், தேடாமலே, அந்தக் குழியில் போய் அமர்ந்தது.