கயிறு போடாத கண்ணாடி

"என் கண்ணாடியைப் பார்த்தீங்களா யாராவது?"

மாஸ்டர் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். பாட்டு அப்போதுதான் களைகட்டியிருந்தது.

"எல்லாரும் உட்காருங்கப்பா. இது இப்போதைக்கு முடியாது," என்றார் கூடப் பாடும் பஸ் டிரைவர் அண்ணன். சேர்ந்திசைக் குழுவின் பதினான்கு பேரும் சிரித்துக்கொண்டே நாற்காலிகளில் சரிந்தார்கள்.

கண்ணாடிக்காரி மட்டும் பல்லைக் கடித்தபடி உட்கார்ந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள் என்பதால் குழுவில் அவளுக்கு அந்தப் பெயர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் லென்ஸைத் தூக்கிப் போடுகிறவளுக்கு, இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் கண்ணாடியைத் தொலைக்கிற மனிதரை எப்படிப் பிடிக்கும்?

"போன தடவை ஜன்னல் மேல இருந்தது மாஸ்டர்."

"பார்த்துட்டேன்மா. அங்கே இல்லை."

"தலை மேல?"

மாஸ்டர் தலையைத் தடவினார். "முடியே நிக்கலை. கண்ணாடி எங்கேம்மா நிக்கப் போகுது?"

ஆறு நிமிடம் கழித்து அது தண்ணீர் கேனுக்குப் பின்னால் அகப்பட்டது.

அந்த ஆறு நிமிடமும் இதமாகத்தான் இருந்தது என்பதை அவள் வெளியே சொல்லவில்லை. எட்டு வயதில், குடித்துவிட்டு வந்த அப்பா மாடிப்படியில் தள்ளிவிட்ட நாள் முதல் அவளுடைய இடுப்பில் ஒரு வலி குடியிருந்தது. முப்பது ஆண்டுகள் ஆகியும் காலி செய்வதாக இல்லை. இருபது நிமிடம் சேர்ந்தாற்போல் நின்றால், கால் வரை இறங்கி வந்து குசலம் விசாரிக்கும். பாடும்போது மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிக்கும். அதற்காகவும் பாடினாள், வலியே இல்லாமல் இருந்திருந்தாலும் பாடியிருப்பாள்.

வலியைவிட அவளுக்கு ஆகாதது, அதைப் பார்த்தவர்கள் போடும் 'அடடா'. சேர்ந்த முதல் நாள், அவள் காலைச் சாய்த்து நடப்பதைக் கண்ட மாஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். உடனே சொல்லிவிட்டாள்:

"எல்லாரும் நின்னு பாடுறப்ப எனக்கு மட்டும் நாற்காலி போட்டீங்கன்னா, நாளையிலிருந்து வரமாட்டேன்."

அதன் பிறகு யாரும் போடவில்லை.

அன்று ஒத்திகை முடிந்ததும், மேஜைமேல் கிடந்த கண்ணாடியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"கழுத்துல மாட்டிக்க ஒரு கயிறு போட்டுத் தர்றேன் மாஸ்டர். இனிமே தொலையாது."

மாஸ்டரின் முகம் வெளுத்தது. "வேணாம்மா. கயிறு போட்டா எனக்குக் கழுத்து அரிக்கும்."

"அரிக்காத கயிறு இருக்கு."

கடைக்கு வரும் எந்தக் கண்ணாடியையும் பவர் பார்க்காமல் அவள் தொடமாட்டாள். மறுநாள் மெஷினில் வைத்துப் பார்த்தாள். பூஜ்யம். மெஷினைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அடுத்த பக்கத்தையும் வைத்தாள். இரண்டும் பூஜ்யம், ஜன்னலுக்குப் போடும் கண்ணாடிக்கும் இதற்கும் வேறுபாடே இல்லை. இத்தனை நாள் எதிரே நின்றும் இது கண்ணில் படவில்லையே என்று தன்மீதே அவளுக்கு எரிச்சல் வந்தது.

அப்படியானால், கண்ணாடி இல்லாமலே அந்த மனிதருக்கு எல்லாம் தெரிகிறது. தேடுவதெல்லாம் நாடகம். சொல்லிக்கொடுக்க அலுப்பு, நேரத்தை ஓட்ட இது ஒரு வழி. வேறு எதில் ஏய்த்தாலும் பொறுத்துக்கொள்வாள், பாட்டில் ஏய்ப்பவரை அவளால் பொறுக்க முடியாது. எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

அடுத்த ஒத்திகைக்குப் படியேறும்போது டிரைவர் அண்ணனும் உடன் வந்தார். வழக்கம்போல் ஒவ்வொரு படியாக, பேச்சுக் கொடுத்துக்கொண்டே.

"என்னம்மா, கயிறு போட்டாச்சா?"

"போடலை. அதுல பவரே இல்லண்ணே. உங்க மாஸ்டர் நம்ம எல்லாரையும் ஏமாத்திட்டிருக்காரு. இன்னிக்குக் கேட்கத்தான் போறேன்."

டிரைவர் அண்ணன் அப்படியே நின்றுவிட்டார்.

"எல்லாரையும் இல்லம்மா."

"அப்படின்னா?"

"அதை வாங்கிட்டு வந்ததே நான்தான். நடைபாதைக் கடையில. நீ நாற்காலி வேணாம்னு சொன்ன மறுநாள்." அவர் பிடரியைச் சொறிந்தார். "உனக்கு மட்டும்னாதானே வரமாட்டேன்னே? அதான் எல்லாரும் உட்கார ஒரு வழி பார்த்தோம். யார் ஒளிக்கிறதுன்னு முறை வேற போட்டு வச்சிருக்கோம். கோவிச்சுக்கிட்டு வராம இருந்துடாதேம்மா. உன் அளவுக்கு மேலே போற குரல் இங்கே வேற யாருக்கும் இல்லை."

அவள் மீதிப் படிகளை ஏறி, கூடத்துக்குள் போய், கண்ணாடியை மாஸ்டரிடம் நீட்டினாள்.

"கயிறு எங்கேம்மா?" என்றார் அவர் தயங்கித் தயங்கி.

"இந்த ஃபிரேமுக்குக் கயிறு சரிப்படாது மாஸ்டர்."

பாட்டு தொடங்கியது. இருபதாவது நிமிடம், இடுப்பு மெல்லக் குசலம் விசாரிக்க ஆரம்பித்த நேரத்தில், மாஸ்டர் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தார்.

"என் கண்ணாடியைப் பார்த்தீங்களா யாராவது?"

எல்லாரும் உட்கார்ந்தார்கள். அவளும் உட்கார்ந்தாள்.

கண்ணாடி பக்கத்து நாற்காலியிலேயே கிடந்தது. ஒளித்தவருக்கு அன்று என்ன அவசரமோ.

அவள் தன் பாட்டு நோட்டை எடுத்து, விரித்து, அந்தக் கண்ணாடியின்மேல் கவிழ்த்தாள்.

"இந்தப் பக்கம் இல்லை மாஸ்டர். நல்லாத் தேடுங்க, ஒண்ணும் அவசரமில்லை."