ஒட்டாத பசை

"இன்றைக்கும் தண்டவாளம் பெயர்ந்து கிடக்கு பார்! நீ தடவினது பசையா, பச்சைத் தண்ணியா?"

ருக்குமணி போட்ட சத்தத்தில் பங்களா வராந்தாவே அதிர்ந்தது. தச்சன் சென்றாயன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றான்.

"நாளைக்குச் சரியாயிருமுங்க."

"பதினைந்து நாளா இதே பாட்டைத்தானே பாடறே?"

"இல்லீங்கம்மா, நாளைக்கு நெசமாலுமே ஒட்டீரும்."

ருக்குமணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பொம்மை ரயில் ஓடவில்லையே என்ற அழுகையா அது?

அவள் கணவர் ரேஞ்சராக மாற்றலாகிக் கொல்லிமலைக்கு வந்த புதிதில், நாலு வயது மகள் அம்புஜம் விஷக் காய்ச்சலில் விழுந்து பிழைத்தாள். பிழைத்தவள், அன்று முதல் சோற்றைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொண்டாள். கெஞ்சினால் அழுகை. ஊட்டினால் வாந்தி.

"சாப்பிடாமல் இப்படியே போனால் உடம்பு தாங்காதம்மா" என்று சொல்லி, ஒரு டானிக்கை எழுதிக் கொடுத்தார் சேலத்து டாக்டர்.

அப்போதுதான் மதராஸிலிருந்து ருக்குமணியின் தம்பி, சாவி கொடுத்தால் ஓடும் சீமை ரயில் ஒன்றை மருமகளுக்கு அனுப்பியிருந்தான். ருக்குமணி மனத்துக்குள் ஒரு திட்டம் போட்டாள். ரயில் ஒரு சுற்று வந்தால் ஒரு வாய் சோறு. வேடிக்கை பார்க்கிற சாக்கில் பெண் வாயைத் திறந்துவிடாதா?

தண்டவாளம் மெல்லிய தகரம். ஆணி அடித்தால் நெளிந்துவிடும், பலகையில் ஒட்டத்தான் வேண்டும். ரேஞ்சர் சேலத்திலிருந்து தச்சர்கள் காய்ச்சும் வச்சிரப் பசையும், பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தமும் வாங்கி, தன் கையாலேயே ஒரே பொட்டலமாகக் கட்டிச் சென்றாயனிடம் கொடுத்தார்.

"ரெண்டையும் கலந்து காய்ச்சு. பூச்சி பொட்டு கிட்டவே வராது."

மலையின் வளப்பூர் நாட்டிலேயே நல்ல வேலைக்காரன் என்று பெயர் வாங்கியவன் சென்றாயன். ஆனால் இங்கே மட்டும் என்ன வந்ததோ! காலையில் வந்து விரல் கனத்துக்குப் பசை தடவி ஒட்டுவான். மத்தியானம் சாப்பாட்டு வேளைக்குள் தண்டவாளம் பெயர்ந்துவிடும். ரயில் கவிழும். அம்புஜத்தின் தட்டில் வைத்த சோறு வைத்தபடி காயும்.

"என் பெண் பட்டினி கிடக்கிறது உன்னாலேதான்!" என்று நேற்று அவன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். சேலத்துப் பொட்டலத்தை எவன் தலையிலோ கட்டிவிட்டு எதையோ கரைத்துக்கொண்டு வருகிறான் என்று சந்தேகம் வேறு.

நல்லவேளை, டானிக்காவது கைகொடுத்தது. சோறு இறங்காவிட்டாலும் பத்து நாளாக அம்புஜத்தின் கன்னம் கொஞ்சம் தேறியிருக்கிறது. சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாள். 'உங்களைத் தெய்வமாக நினைக்கிறேன்' என்று டாக்டருக்கு நன்றிக் கடிதம்கூட எழுதிப் போட்டுவிட்டாள் ருக்குமணி.

திட்டு வாங்கிய சென்றாயன் மறுபடி பசை தடவி ஒட்டிவிட்டு வாசலில் இறங்கினான். ருக்குமணி உள்ளே போய் அடுப்பைக் கிளறிவிட்டுத் திரும்பினாள். கதவருகே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அம்புஜம் பலகையின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு தண்டவாளத்தைப் பெயர்த்தாள். அடியிலிருந்த பசையை விரலால் வழித்தாள். வாயில் வைத்தாள். அடுத்த தண்டவாளத்துக்குக் கை நீண்டது.

"ஐயோ, மயில்துத்தம்! விஷம்டி!"

பாய்ந்து வந்து மகளின் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினாள். குழந்தை வீறிட்டது. வாசலில் இருந்த சென்றாயன் ஒரே தாவலில் ஓடி வந்தான்.

"பயப்படாதீங்கம்மா! வெஷமில்லீங்க! சாமி, அழுகாத கண்ணு!"

எட்டி, வராந்தா விட்டத்தின் மேலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினான். ரேஞ்சர் போட்ட முடிச்சு போட்டபடி இருந்தது.

"பிரிக்கவே இல்லீங்க."

"அப்போ இது என்னது?"

"தெனை மாவுங்க. எம்பட ஊட்டுக்காரி பாப்பாத்தி தேன் விட்டுக் கிண்டிக் குடுக்கறா."

ருக்குமணி தன் விரலை முகர்ந்து பார்த்தாள். தேன் வாசம்.

"மொத நாளு வெறும் தண்டவாளத்தை அடுக்கிப் பாத்தப்பவே, பாப்பா அதை எடுத்து நக்குச்சுங்க. அதுல வெஷத்தைத் தடவ மனசு வருமுங்களா? மாவுப் பசை தடவுனேன். அம்புட்டையும் வழிச்சுத் தின்னுருச்சு. அடுத்த நாள்ல இருந்து தேனையும் விட்டோம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"எங்க ஊட்டு மாவுன்னா நீங்க தொட விடுவீங்களா?"

மலையில் யார் வீட்டிலும் மோர்கூட வாங்கிக் குடிக்காத குடும்பம் ருக்குமணியுடையது.

சென்றாயன் குரலைத் தாழ்த்தினான். "அதுவுமில்லாம, தட்டுல வெச்சா சோறாயிருமுங்க. பாப்பா வாயைத் தொறக்காது. பசைன்னாத்தான் திருடித் திங்குது."

டாக்டருக்கு எழுதிய கடிதம் ருக்குமணியின் நினைவுக்கு வந்தது. தெய்வத்துக்கு எழுதுகிறோம் என்று நினைத்து விலாசத்தை மாற்றிப் போட்டிருக்கிறாள். பதினைந்து நாள் பேச்சு வாங்கிக்கொண்டு தன் பெண்ணின் உயிரைப் பிடித்து வைத்த இந்த மனிதனுக்கு என்ன கைம்மாறு செய்வது?

அம்புஜம் அழுகையை நிறுத்திவிட்டு, நைசாகப் பலகைப் பக்கம் நகர்ந்தாள். ஒரு கை தண்டவாளத்தின் மேல். கண்கள் அம்மாவின் மேல்.

ருக்குமணி சட்டென்று மகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

"நாளைக்கும் இதே மாதிரி ஒட்டாத பசையைக் கொண்டு வா, அப்புறம் இருக்கு உனக்கு!" என்று மகளுக்குக் கேட்கும்படி கத்தினாள்.

கத்தும்போதே அவளுடைய கைகள் இரண்டும் சென்றாயனைப் பார்த்துக் குவிந்திருந்தன.